இருக்கு, இருக்கிறார்

நான் சிங்கள உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் சாய்ந்தமருதில் பஸ் ஏறி, காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை வயல்களைத் தாண்டி அம்பாறைக்குப் போவேன். அங்கே ஒரு மண்டபத்தில் வகுப்பு. கிழமை நாட்களில் இரண்டு பின்னேரம், மஃரிப் தொழுதுவிட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து ஒன்லைன் வகுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் வேலையில் இருப்பவர்கள். அரசாங்கக் கச்சேரிக்காரர், தபால் கந்தோர்க்காரர், பொலிஸ்காரர், தாதிமார். இரண்டாம் மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் பதவி உயர்வு என்பதால் வருகிறார்கள். வாப்பா அம்பாறைப் பட்டினத்தில் துணிக்கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் அந்தக் கடையில் நின்று நின்றே எனக்குச் சிங்களம் வந்தது. அதனால் இந்த வேலையும் வந்தது.

சின்னப் பிள்ளைகள் பிழையாகக் கதைத்தால் சிரித்துவிட்டு அடுத்ததைக் கதைப்பார்கள். வளர்ந்தவர்கள் பிழை விட்டால் வாசலைப் பார்ப்பார்கள். கந்தோரில் நாலு பேருக்கு உத்தரவு போடுகிற மனுஷன், என் வகுப்பில் "எனக்குத் தண்ணி வேணும்" என்று சொல்வதற்குள் வேர்த்துப் போவார். ஒன்லைனில் இன்னும் மோசம். கமெராவை மூடிவிடுவார்கள். பெயர் எழுதிய கறுப்புப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கதைப்பது, ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதைப் போலிருக்கும். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். வகுப்பில் வாய் திறக்காதவர்கள் வாட்ஸ்அப்பில் எனக்குக் குரல் பதிவு அனுப்பலாம். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, நாலைந்து தரம் சொல்லிப் பார்த்து, சரியானதை மட்டும் அனுப்பினால் போதும். நான் அடுப்பில் மீன் ஆணம் கொதிக்கும்போது அவற்றைக் கேட்பேன். பின்னால் கோழி கொக்கரிக்கும், யாரோ குளிக்கும் சத்தம் கேட்கும், அதற்கு நடுவில் ஒரு பெரிய மனிதர் "நேற்று நான் சந்தைக்குப் போனேன்" என்பார்.

அப்படிக் குரல் அனுப்புகிறவர்களில் ஒருவர் ஆண் தாதி. ஐம்பது தாண்டியவர். ஓய்வு பெற அதிக காலம் இல்லை. அவருக்கு அந்தப் பரீட்சையால் ஒரு பிரயோசனமும் இல்லை. முதல் நாள், ஏன் தமிழ் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டபோது மற்றவர்கள் பதவி, சம்பளம், இடமாற்றம் என்றார்கள். அவர் ஒரே சொல்லில், "விளங்கிறதுக்கு" என்றார். நான் அவரைச் சிங்கள மரியாதையில், ஐயா என்பதைப் போல, மாத்தயா என்று கூப்பிட்டேன். அவர் என்னை மிஸ் என்றார், அவருடைய மகளின் வயதுதான் எனக்கு இருக்கும் என்றாலும்.

மற்றவர்கள் எப்படிக் கதைப்பது என்று கேட்பார்கள். அவருடைய கேள்விகள் எல்லாம் எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியவை. நான் மெதுவாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. புத்தகத்துத் தமிழ் வேண்டாம், ஊரில் ஆட்கள் கதைக்கிற மாதிரியே கதையுங்கள் என்பார். எந்த ஊர் என்று கேட்டேன். கரைப் பக்கம், உங்களுடைய பக்கம் என்றார். அது நியாயமான ஆசைதான். பாடப் புத்தகத்தில் உள்ள தமிழை எங்கள் பக்கத்தில் ஒருவரும் கதைப்பதில்லை. அதற்குப் பிறகு ஒன்லைன் வகுப்பின் கடைசிப் பகுதியை ஊர்ப் பேச்சுக்கென்றே ஒதுக்கினேன். மறுகா, ஏலா, இஞ்ச, அங்கால என்று நான் வேகமாகக் கதைக்க, அவர்கள் சிரித்துக்கொண்டு பிடிக்கப் பார்ப்பார்கள். வகுப்பு உயிர் பெற்றது அந்த நேரத்தில்தான். கமெராக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஒரு நாள் ஒன்லைனில் பாடம் வினைச்சொல்லின் வால். சிங்களப் பேச்சில் வினைச்சொல்லுக்கு வால் கிடையாது. மனுஷன் என்றாலும், மாடு என்றாலும், காகம் என்றாலும் ஒரே சொல், இன்னவா. உயிர் இருந்தால் போதும். தமிழில் அப்படியில்லை. மாடு இருக்கு, டொக்டர் இருக்கிறார். பெயர் காதில் விழாவிட்டாலும் வாலை வைத்து ஆளா, மிருகமா என்று கண்டுபிடிக்கலாம் என்று சொன்னேன். ஒரு பொலிஸ்காரப் பெண், எங்களுடைய ஸ்டேஷன் பெரியவரை "இருக்கு" என்று சொல்லலாமா மிஸ் என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பிறகு எங்கள் ஊர் வழக்கையும் சொல்லிக் கொடுத்தேன். எங்களிடம் இருக்கு, இரிக்கி ஆகிவிடும். இருக்கிறார், இரிக்காரு ஆகிவிடும்.

மாத்தயாவின் கமெரா திறந்திருந்தது. பின்னால் வெள்ளைச் சுவர். கையை உயர்த்தி, காக்கா என்ற சொல்லுக்கு எந்த வால் வரும் என்று கேட்டார். காகத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, பறவைதானே, இரிக்கி என்றேன். பிறகு எங்கள் பழக்கம் ஞாபகம் வந்தது.

"ஆனா எங்கட ஊரில மூத்த நானாவத்தான் காக்கா எண்டு கூப்புடுற. அண்ணன் மாதிரி. அவருக்கெண்டா இரிக்காருதான் வரும்" என்றேன்.

அவர் கமெராவுக்குக் கிட்ட வந்தார். பிறகு கேட்டார்.

"காக்கா மரத்தில இரிக்காரு. அப்பிடியெண்டா?"

அவருடைய தமிழில் எப்போதும் சிங்கள வாடை இருக்கும். 'ழ'வும் 'ற'வும் அவருக்கு வராது. அந்த ஒரு வாக்கியத்தில் அந்த வாடையே இல்லை. எங்கள் தெருப் பிள்ளை சொன்ன மாதிரி இருந்தது. முன்னேறிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அப்படியென்றால் அண்ணன் மரத்தில் இருக்கிறார், மாங்காய் பறிக்க ஏறியிருப்பார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய பெட்டி கறுத்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. குரல் பதிவும் இல்லை. வளர்ந்தவர்கள் வகுப்பை விட்டுப் போவது புதிதல்ல. இரவு வேலை, மாமியாருக்கு வருத்தம், பிள்ளையின் பரீட்சை என்று காரணம் சொல்வார்கள். பாதிப் பேருக்கு உண்மையான காரணம் வெட்கம். அதனால் வராதவர்களுக்கு நானே போன் எடுப்பேன். ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. நேற்று இன்ன பாடம் படித்தோம், உங்களுடைய கதிரை வெறுமையாக இருந்தது என்று மட்டும் சொல்வேன். அவர் பல தரம் எடுக்கவில்லை. கடைசியாக எடுத்தபோது சிங்களத்தில், சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு வருகிறேன், கொஞ்சம் கதைக்க வேண்டும் என்றார்.

எல்லோரும் போன பிறகு முன் வாங்கில் வந்து உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார். பிறகு பாதி சிங்களத்திலும், முடிந்த இடத்தில் தமிழிலும் சொன்னார்.

கடல் ஊருக்குள் வந்த அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமை அவர் உள்நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தார். பகலிலிருந்து லொறியிலும் ட்ரக்டரிலும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டேயிருந்தார்கள். கட்டில் போதாமல் தரையில் கிடத்தினார்கள். தமிழ் தெரிந்த ஓரிருவர் சத்திரசிகிச்சைப் பக்கம் போய்விட்டார்கள். அவருடைய வார்ட்டில் ஒருவருக்கும் ஒரு சொல் தமிழ் தெரியாது. ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்றை யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நெஞ்சு முழுக்கச் சேற்றுத் தண்ணீர். ஆனாலும் எழும்பி உட்கார்ந்து, அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது.

அதில் அவர்களுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். காக்கா. சிங்களத்தில் சின்னப் பிள்ளைகள் மலம் கழிப்பதற்குச் சொல்கிற சொல்லும் கிட்டத்தட்ட அதுதான். பிள்ளைக்கு அவசரமாக்கும் என்று அவர் பெட்பானைக் கொண்டுபோய் வைத்தார். பிள்ளை அதைக் காலால் தள்ளிவிட்டு மறுபடியும் அதையே சொன்னது. ஆண் என்று வெட்கப்படுகிறது என்று நினைத்து ஒரு தாதியைக் கூப்பிட்டார். அவளும் வைத்தாள். சுற்றிவரத் திரை இழுத்துப் பார்த்தார்கள். பிள்ளை ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சொன்னது. பொழுது போகப் போகக் குரல் மெலிந்தது. சொன்னது மாறவில்லை. மறுநாள் பகல் அது மௌத்தானது. தேடி ஒருவரும் வரவில்லை. வந்திருந்தாலும் அவர்கள் கேட்டது அவருக்கு விளங்கியிருக்காது.

ஆனால் அந்தச் சத்தம் அவருக்குள் இருந்துவிட்டது. அர்த்தம் தெரியாமல் மனப்பாடமாகிவிட்டது. சில மாதம் கழித்து மலைநாட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தமிழ்த் தாதியிடம் சொல்லிக் காட்டினார். அவள் யோசித்துவிட்டு, காக்கா மரத்தில் இருக்கு என்று சொல்லியிருக்கும், காகத்தைச் சொல்லியிருக்கிறது என்றாள். வார்ட் யன்னலுக்கு வெளியே ஒரு மரம் நின்றது. அதில் காகங்கள் வரும். சாகிற பிள்ளை கடைசியாகக் காகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறது என்று அவர் ஆறுதல்பட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும், தான் சாப்பிட முதல், ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்து அந்தப் பிள்ளைக்குப் புண்ணியம் சேரட்டும் என்று நினைப்பாராம். அவருடைய தாய்க்காக வைக்கிறார் என்றுதான் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

அப்படியே போயிருக்கலாம். வார்ட்டுக்கு வருகிற தமிழ் ஆட்கள் கதைப்பதைக் கேட்கக் கேட்க, அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாய், பூனை, மருந்துப் போத்தல் எல்லாவற்றுக்கும் "இருக்கு" என்றார்கள். பிள்ளை சொன்னது "இருக்கு" இல்லை. கடைசியில் வேறொரு சத்தம் இருந்தது. அது என்ன என்று ஒருவரிடமும் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. வருஷங்கள் போயின. ஓய்வு பெறுவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் வகுப்பில் சேர்ந்தார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் அந்த வாக்கியத்தை இன்னொரு தரம் சொன்னார். இந்த முறை நான் அதைக் கவனித்துக் கேட்டேன். அது அவருடைய குரல் இல்லை. பிள்ளைக்கு மூச்சு முட்டியிருக்கும் இடத்தில் அவருக்கும் முட்டியது. எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று அந்த மண்டபத்தில், அந்த மனிதரின் வாய்க்குள்ளிருந்து கதைத்தது. 

"மிஸ், அந்தப் புள்ள எங்களுக்கு இடம் சொன்னிச்சி. நாங்க பெட்பான் வெச்சம்" என்றார் தமிழில்.

பிழை எதுவும் இல்லாத வாக்கியம். அந்த நேரத்தில் அதை நான் கவனித்தது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. 

அவர் கரைக்கு வர வேண்டும் என்றார். மரத்தில் இருந்த ஓர் அண்ணனைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று கேட்க வேண்டும். அண்ணன் இறங்கியிருந்தால், தங்கச்சி கடைசிவரை உன்னைத்தான் சொன்னாள் என்று சொல்ல வேண்டும். நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். அவர் மறுத்தார். தானே கதைக்க வேண்டும் என்றார்.

ஆகவே அவருக்கென்று தனிப் பாடம் தொடங்கியது. அதைப்போல ஒரு பாடத்தை நான் எடுத்ததேயில்லை. அவர் காலையில் குரல் பதிவு அனுப்புவார். "நான் ஆஸ்பத்திரியில வேல செஞ்ச ஆள். ஒரு பொம்புளப் புள்ளயப் பத்திக் கேக்க வந்தன்." நான் திருத்தி அனுப்புவேன். பின்னேரம் ஒன்லைனில் நான் கரையில் இருக்கும் ஆளாக நடிப்பேன். அவர் கேட்பார், நான் வேகமாகப் பதில் சொல்வேன். பிடிக்க முடியாத இடத்தில், மறுகா சொல்லுங்க என்று கேட்கப் பழக்கினேன். மரணத்துக்கு மௌத்து, பிரேதத்துக்கு ஜனாஸா என்ற எங்களுடைய சொற்களையும் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளாக நடித்தேன். ஒரு நாள் மகளைத் தேடும் தாயாக நடிக்கப் போய், இரண்டாவது கேள்வியிலேயே கதிரையை விட்டு எழும்பினேன். கணினியை மூடிவிட்டேன். பக்கத்து அறையிலிருந்த என் கணவர் எழும்பி வந்து, இது உனக்குத் தேவையா என்று கேட்டார்.

அவர் கேட்டதிலும் காரணம் இருந்தது. அவருடைய ராத்தாவும், அதாவது அக்காவும், அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கடல் வந்த அன்றைக்குப் போனவர்கள். எங்கள் பக்கத்தில் உம்மாவின் தங்கச்சி, எனக்குச் சாச்சி. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் தண்ணீர் வாசலோடு நின்றது. ஊரில் ஒரு வீடு பாக்கியில்லை. அதனாலேயே எங்களில் யாரும் அதைக் கதைப்பதில்லை. கல்யாணம், காணி, கடல் மீன் விலை எல்லாம் கதைப்போம். அதை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விடுவோம். ஆனாலும் என் கணவர், கரைக்கு நானும் உங்களோடு வருகிறேன் என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் போனோம். அன்றைக்கிருந்த கரை இப்போது இல்லை. வீடுகள் இருந்த இடத்தில் மணல். கடலரிப்புக்குப் போட்ட கற்கள். என் கணவருக்குத் தெரிந்த ஒரு வயதான மீன்பிடிகாரர், தோணி இழுத்து வைத்திருந்த வாடிக் கொட்டிலுக்குள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மாத்தயா ஸலாம் சொன்னார். நான் பழக்கியபடியே, பிழையில்லாமல் தன்னைப் பற்றிச் சொன்னார், பிள்ளையைப் பற்றிச் சொன்னார். மரத்தில் ஓர் அண்ணன் இருந்ததாக அது சொன்னது என்றார். வலை பொத்திய கை நின்றது.

அவர் முதலில் எங்களை உட்காரச் சொன்னார். பிள்ளையின் உடுப்பு என்ன நிறம் என்று கேட்டார். மாத்தயாவுக்கு அது தெரியவில்லை, சேறாக இருந்தது என்றார். அன்றைக்கு இரண்டு வீட்டுக்கு ஒரு ஆள் மரத்தில்தான் இருந்தார், இறங்கினவர்களும் உண்டு, இறங்காதவர்களும் உண்டு என்றார் அந்த மனிதர். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாத மாதிரி, எங்கள் ஊர்ப் பேச்சில் வேகமாகச் சொன்னார்.

"தோணாவுக்கு அங்கால பெரிய பூவரசு ஒண்டு நிண்டது. மறுநாள் ஜனாஸா எடுக்கப் போன ஆக்கள் அங்கரிந்து சத்தம் கேக்குது எண்டு வந்து சொன்னாங்க. தண்ணி வத்தல்ல. கரண்டுக் கம்பி விழுந்து கிடந்த. கடல் மறுகாலும் வருதெண்டு ஆரோ கத்திட்டுப் போறான். ஜின்தான் கூப்புடுது, போகாதீங்க எண்டு பெரியாக்கள் மறிச்சிட்டாங்க. அதுக்கடுத்த நாள் சத்தம் இல்ல."

கடலோடு சேரும் அந்த நீரோடையைத்தான் நாங்கள் தோணா என்போம். நான் சனிக்கிழமைதோறும் அதைத் தாண்டித்தான் பஸ் ஏறப் போகிறேன்.

கிழவர் என் பக்கம் திரும்பி, அவருக்கு எடுத்துச் சொல்லு மகள் என்றார். நான் என் தலைக்குள் சிங்களத்தில் ஒரு வாக்கியத்தைக் கட்டத் தொடங்கினேன். அதில் தண்ணீரும் கம்பியும் இருந்தன. சத்தம் இல்லை. அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்னும் தெரியாது. வாயைத் திறக்க முதல் மாத்தயா சொன்னார்.

"விளங்கின, மிஸ்."

நான் கொடுத்த பயிற்சிதான். வேகமாகக் கதைத்தாலும் பிடிக்கப் பழக்கியது நான்தான். அவர் அந்தக் கிழவரின் பக்கத்தில், மணலில் குந்தி உட்கார்ந்தார்.

"எங்களுக்கும் விளங்கல்ல. உங்களுக்கும் விளங்கல்ல" என்றார்.

அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. ஒரே வருத்தம் உள்ள இரண்டு பேர் ஆஸ்பத்திரி வாங்கில் கதைப்பதைப் போலிருந்தது. கிழவர், ஓம் மாத்தயா என்று சொல்லிவிட்டு வலையை எடுத்தார். ஆனால் பொத்தவில்லை. என் கணவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பூவரசு நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் மாத்தயா. மரம் எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் மதில் கட்டிய வீடு. ஒரு இளம் பெண் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். ஒருவரையும் இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றேன். அவளுக்குச் சொல்லி அந்த வீட்டில் அவளை எப்படித் தூங்க வைப்பது.

அந்தச் சத்தம் இந்தப் பிள்ளையின் அண்ணனுடையதுதானா என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது நான் அதைத்தான் சொன்னேன். அந்த அண்ணன் இறங்கியிருக்கலாம். இப்போது பிள்ளை குட்டிகளோடு இருக்கலாம். தங்கச்சியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். பஸ் ஏறும்போது மட்டும், அப்படியென்றால் தங்கச்சி சொன்னது அந்த அண்ணனுக்குத் தெரியாமல் இருக்கிறதே மிஸ் என்றார்.

அவர் இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை வந்தார். கடைசி வாங்கில் உட்கார்ந்தார். பாடம் முடிந்த பிறகு ஒரு வேண்டுகோள் வைத்தார். தான் இப்போது வேலை செய்யும் இடத்தில் இருக்கும் தாதிமாருக்கு, பரீட்சைக்கு இல்லாமல், நோயாளி கதைப்பதை விளங்குவதற்கு மட்டும் ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார். அனுமதி எடுப்பது அவருடைய பொறுப்பு. அவர்கள் ஓய்வெடுக்கும் அறையில், வேலை மாறுகிற இடைவெளியில், அந்த வகுப்பு தொடங்கியது. வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் போனில் சேர்ந்துகொள்வார்கள்.

புத்தகத்தைத் தூக்கி வைத்தேன். இந்தக் கிழமை உங்களுக்கு விளங்காமல் போன சத்தத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கேட்டதை அப்படியே சொல்லிக் காட்டுவார்கள். நெஞ்சடைக்கிது, ஏலாமக் கிடக்கு, வவுத்தால போகுது என்று நான் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுப்பேன். விளங்காவிட்டால் விளங்கியதைப் போலத் தலையாட்டாதீர்கள், மறுகா சொல்லுங்க என்று கேளுங்கள் என்றேன். நோவைவிட முதலில் உறவு முறைகளைப் படிப்பித்தேன். வருத்தத்தில் கிடக்கும் ஆள் முதலில் நோவைச் சொல்வதில்லை. யாரையாவது கூப்பிடுவார். உம்மா, வாப்பா, ராத்தா, தங்கச்சி. காக்கா என்று சொன்னபோது இளம் தாதிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிங்களம் தெரிந்த யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அவர் பின் வரிசையில் இருந்தார். சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னார்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வகுப்பு நடக்கிறது. சில நேரம் ஒரு தாதி, இன்றைக்கு ஒரு மூத்தம்மா சொன்னது விளங்கியது மிஸ் என்று குரல் பதிவு அனுப்புவாள். அதைக் கேட்கும்போது சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு குரல் வந்து நிற்கும். அது என்னிடம்தான் இருக்கிறது இப்போது. மாத்தயாவிடமிருந்து எனக்கு வந்துவிட்டது. அவர் கொண்டுவந்தபோது அது வெறும் சத்தம். அர்த்தத்தைப் போட்டது நான்.

அந்த வாக்கியம் என்னுடையது இல்லை என்பதுதான் என்னைப் படுத்துகிறது. இந்த ஊரில் எங்கோ அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கலாம். ஒரு தாய், ஒரு வாப்பா, இறங்கி வந்த ஓர் அண்ணன். சந்தையில் மரக்கறி எடுக்கும்போது பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்ப்பேன். இவளாக இருக்குமோ? சொல்லுவதா, விடுவதா? சொன்னால் என்ன சொல்வது? உங்கள் பிள்ளை அன்றைக்குச் சாகவில்லை, அடுத்த நாள்தான், அதுவரை கேட்டுக்கொண்டே இருந்தது என்றா? என் கணவர், விடு என்கிறார். விடத்தான் பார்க்கிறேன்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது எனக்குப் பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு தாய் இருந்தார். முன்பின் தெரியாதவர். எத்தனை பிள்ளைகள் என்று பெண்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். இப்போது ஒரு மகள் என்றார். முந்தி ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர், கடலோடு போய்விட்டார்கள், இவள் பிறகு பிறந்தவள் என்றார். ஆண் மூத்தவனா என்று கேட்டேன். ஓம் என்றார்.

 கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மகன் மரம் ஏறுவாரா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எங்க? கதிரையில ஏறவே பயம் அவருக்கு. ஏன் மகள் கேக்கிற?"

சும்மாதான் என்றேன். அவர் விடவில்லை. இருட்டுக்குப் பயம், கோழிக்குப் பயம், ஆனால் தண்ணீருக்கு மட்டும் பயமில்லை என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தங்கச்சியின் பையையும் தானே தூக்குவான் என்றார். முகம் மலர்ந்து சொல்லிக்கொண்டே போனார். அவனைப் பற்றி ஒருவர் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டு வந்து, சுற்றியிருந்தவர்கள் பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. நான் பிடித்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.